நாளைக்கு யார் பார்த்துக்கொள்வார்கள்?

ஆய்வு வேலையில் சேர்ந்துவிட்டாய் என்று உன் அம்மா போனில் சொன்னாள், கண்ணு. எந்தத் துறை என்று கேட்டேன். அவளுக்குச் சொல்லத் தெரியவில்லை. கொசு, சாக்கடை, கணக்கு, ஊர்க்கூட்டம் எல்லாம் அதில் வருகிறதாம் என்றாள். அப்படியானால் நல்ல இடத்தில்தான் சேர்ந்திருக்கிறாய். உன் பெரியப்பா பட்டம் வாங்கிய விஞ்ஞானி இல்லை என்பது உனக்குத் தெரியும். விஞ்ஞானிகளுக்குப் பின்னால் கொசுப்புழு அள்ளும் கரண்டியும் ரத்தம் தடவும் கண்ணாடித் தகடும் தூக்கிக்கொண்டு புதுச்சேரித் தெருக்களில் வயதைக் கழித்தவன் நான். இப்போது முத்தியால்பேட்டையில் திண்ணையோடு சரி. திண்ணையில் இருப்பவனிடம் அறிவுரைக்குப் பஞ்சமா? பொறுமையாகப் படி. ஒவ்வாததை விட்டுவிடு.

1. பிரச்சினை எந்த வீட்டில் இருக்கிறதோ அந்த வீட்டில் போய் முதலில் உட்கார். கருவிப் பெட்டியை அன்று எடுத்துப் போகாதே. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 1975-இல் இங்கே நோய்க்கடத்திகளைக் கட்டுப்படுத்தும் ஆராய்ச்சி மையத்தை, வி.சி.ஆர்.சி. என்று ஊரார் சொல்வார்களே அதை, தொடங்கிய காலத்தில் யானைக்கால் நோய் எங்களுக்குப் பாடப்புத்தகத்து நோயாக இல்லை. தெருவுக்கு ஒருவராவது காலை இழுத்து நடப்பதைப் பார்த்தே வளர்ந்தோம். நான் இளவயதில் பார்த்த ஓர் அம்மாளுக்கு ஒரு கால் முழங்கால்வரை வீங்கியிருக்கும். வீட்டுக்கு யாராவது வந்தால் புடவையை இழுத்து மூடிக்கொண்டு எழாமலே பேசுவார். திமிர் பிடித்தவள் என்று அக்கம்பக்கத்தில் பெயர். அவருடைய பிரச்சினை என்ன என்று ஒரு மருத்துவரைக் கேட்டிருந்தால் நிணநீர் அடைப்பு என்பார், பூச்சியியலாளர் கொசு என்பார், பொறியாளர் சாக்கடை என்பார். அந்த அம்மாளைக் கேட்டேன். மாதம் தவறாமல் வரும் காய்ச்சலும் நெறிகட்டும் நின்றால் போதும், மகளுக்குச் சம்பந்தம் பேச வருகிறவர்கள் முன்னால் எழுந்து நிற்க முடிந்தால் போதும் என்றார். அதற்கு வேண்டியது பெரும்பாலும் சோப்பும் தண்ணீரும்தான்: தினம் காலைக் கழுவி, விரலிடுக்கில் ஈரமில்லாமல் துடைத்து, புண் வந்தால் உடனே மருந்திட்டு, படுக்கும்போது காலை உயர்த்தி வைப்பது. உலகமெங்கும் இன்று இதைத்தான் சொல்லிக்கொடுக்கிறார்கள். ரத்தத்தில் யானைக்கால் புழு குறைந்தது என்பது ஆய்வுக்கு வெற்றி. அவருக்கு அதனால் கால் சுருங்கிவிடாது. இரண்டு கணக்கையும் தனித்தனியாக வைத்துக்கொள்.

2. உன் கடிகாரத்தைக் கழற்றி வை. யானைக்கால் புழுவின் குஞ்சுகள் பகலில் உடலுக்குள் ஒதுங்கிக்கொள்ளும். ஊர் அடங்கிய பிறகே விரல் நுனி ரத்தத்துக்கு வரும். அதைக் கடத்தும் கொசுவும் இரவில் கடிப்பது. பாட்ரிக் மேன்சன் என்ற மருத்துவர் 1877-இல் சீனத்து அமோய் துறைமுகத்தில், இந்தப் புழு கொசுவின் உடலுக்குள் வளர்வதைக் கண்டார். ஒரு பூச்சிக்கும் மனித நோய்க்கும் உள்ள உறவு அப்படித்தான் முதலில் வெளிச்சத்துக்கு வந்தது. அதனால் நாங்களும் இரவு எட்டு மணிக்கு மேல்தான் கதவைத் தட்டுவோம். குழந்தை தூங்கியிருக்கும், ஆண்கள் சிலர் குடித்திருப்பார்கள், நாய் துரத்தும். கொசுப்புழு பார்க்கும் வேலைக்கு வேறு நேரம். முட்டை கொசுவாக எட்டுப் பத்து நாள் ஆகும். ஆகவே ஒரு சாக்கடையை வாரம் ஒருமுறை பார்க்காவிட்டால் ஒருமுறையும் பார்க்காததற்குச் சமம். தீபாவளி வாரம் என்று கொசு விடுப்பு எடுக்காது. அலுவலக நேரத்துக்குள் இந்த வேலையை அடக்கப் பார்த்தவர்கள் நல்ல அறிக்கைகள் எழுதினார்கள்.

3. எடுத்ததைத் திருப்பிக் கொடு. ஒரு வீட்டில் ஒரு பாட்டி கையை நீட்டுவதற்கு முன் கேட்டார்: "போன வருஷமும் ஒருத்தர் குத்தி எடுத்துக்கிட்டுப் போனாரே, அந்த ரத்தம் என்ன சொல்லுச்சு?" யாரிடமும் பதில் இல்லை. முடிவு ஏதோ ஒரு பதிவேட்டில் எண்ணாக இருந்தது, அவரிடம் மட்டும் இல்லை. அந்தத் தெருவில் அன்று பாதிக் கதவுகள் திறக்கவில்லை, திறக்காததில் நியாயமும் இருந்தது. ஒரு துண்டுச் சீட்டு போதும், கண்ணு. உங்கள் ரத்தத்தில் புழு இல்லை, அல்லது இருக்கிறது, மாத்திரை இங்கே. அவ்வளவுதான்.

4. உன் துறையின் வாசலில் நின்றுகொண்டு பிரச்சினையைக் கூப்பிடாதே. அது வராது. 1981 முதல் 1985 வரை புதுச்சேரியில் ஒருங்கிணைந்த கொசுக் கட்டுப்பாடு என்று ஒரு பெரிய முயற்சி நடந்தது. வி.சி.ஆர்.சி.யின் அப்போதைய இயக்குநர் பி.கே.ராஜகோபாலன் அதை வழிநடத்தினார். மருந்தடிப்பதை மட்டும் நம்பாமல், கொசு பிறக்கும் இடத்தையே இல்லாமல் செய்ய வேண்டும் என்பது அதன் அடிப்படை. நம் ஊர்க் கொசு, கியூலெக்ஸ், நல்ல தண்ணீரைத் தேடுவதில்லை. தேங்கி நாறும் சாக்கடை, மூடி உடைந்த கழிவுநீர்த் தொட்டி, யாரும் இறைக்காத கிணறு இவைதான் அதற்கு வீடு. அப்படியானால் இந்த வேலைக்கு யார் யார் வேண்டும்? சாக்கடையின் சரிவை அளக்கத் தெரிந்த பொறியாளர், கிணற்றில் விட மீன் தெரிந்தவர், கொசுப்புழுவை எண்ணுகிறவர், எண்ணியதை நம்பலாமா என்று சொல்லும் புள்ளியியலாளர், வீட்டுக்காரரிடம் கொல்லைக் கதவைத் திறக்கச் சொல்லக்கூடிய நாக்கு உள்ள ஓர் ஆள். கழிவுநீர்த் தொட்டிக்குத் தெர்மகோல் மணிகளும் ஒரு வழி. தண்ணீர் மேல் அவை அடர்த்தியாக மிதந்தால் கொசுப்புழு மூச்சுக்கு மேலே வர முடியாது, தாய்க்கொசு முட்டையிடவும் முடியாது. பெட்டிக்குள் பொருள் உடையாமல் இருக்கப் போடும் அதே வெள்ளைச் சரக்கு! ஆப்பிரிக்கக் கரையோரம் ஸான்ஸிபார் தீவில், மக்குண்டுச்சி என்ற ஊரின் குழிக் கழிப்பறைகளில் அதைக் கொட்டி, கூடவே மருந்தும் கொடுத்து யானைக்கால் நோயை நன்றாகக் குறைத்தார்கள். இதை எந்தத் துறையின் கண்டுபிடிப்பு என்பாய்?

5. இனி சொல்வதுதான் நான் இந்தக் கடிதத்தை எழுத உட்கார்ந்த காரணம். புதுச்சேரியில் அந்த ஐந்து ஆண்டுகளில் கொசு குறைந்தது. நோய்த் தொற்றும் குறைந்தது. பிறகு ஆய்வுக் காலம் முடிந்தது. ஆய்வு வேகத்தில் நடந்த வேலை அன்றாட நிர்வாகத்தின் வேகத்துக்கு இறங்கியது. கொசு திரும்பி வந்தது. அப்படி வந்ததன் விளைவு நோயில் எப்படித் தெரிந்தது என்பதையும் ஆய்வாளர்களே கட்டுரையாக எழுதி வெளியிட்டார்கள். அந்த நேர்மைக்கு நான் தலைவணங்குகிறேன். வென்ற கதையை எழுத நூறு பேர் வருவார்கள்.

இதில் அறிவியல் தோற்கவில்லை என்பதைக் கவனி. செய்தவரை அது வேலை செய்தது. உடலுக்குள் தாய்ப்புழு ஐந்தாண்டுக்கு மேலும் உயிரோடு இருக்கக்கூடியது. ஆகவே இந்த நோயை வெல்ல, ஒரு திட்டத்தின் ஆயுளைவிட நீண்ட பொறுமை வேண்டும். திட்டத்துக்குத் தொடக்க நாளும் முடிவு நாளும் உண்டு. சாக்கடைக்கு அவை கிடையாது. எனவே நீ எந்தத் தீர்வைக் கண்டுபிடித்தாலும் அன்று இரவே உன்னை ஒரு கேள்வி கேட்டுக்கொள்: நான் போன பிறகு இதை நாளைக்கு யார் பார்த்துக்கொள்வார்கள்? பெயர் சொல்ல வேண்டும். "சம்பந்தப்பட்ட துறை" என்பது பெயர் இல்லை. பின்னாளில் ஆண்டுக்கு ஒருமுறை எல்லோருக்கும் மாத்திரை கொடுக்கும் முறை, 2004-இலிருந்து நாட்டில் இந்த நோய் உள்ள மாவட்டங்களுக்கு வந்ததே, அது ஏன் நிலைத்தது என்று யோசித்துப் பார். வருடத்தில் ஒரு நாள் வேலை, வீட்டுக்கு வருகிறவர் இன்னார் என்ற தெளிவு, எண்ணக்கூடிய மாத்திரை. வாராவாரம் சாக்கடை பார்ப்பதோடு ஒப்பிட்டால், அரசு இயந்திரம் தூக்கக்கூடிய எடை அது. மாத்திரையைக் கையில் வாங்கிவிட்டு விழுங்காதவர்கள் உண்டு, அது வேறு கதை.

6. ஒரு தீர்வைக் காக்க யாருக்காவது சொந்தக் காரணம் இருக்கிறதா என்று பார். இல்லையென்றால் அந்தக் காரணத்தை உண்டாக்கு. கேரளத்தின் சேர்த்தலையில் யானைக்கால் நோய்க்கு வேறு புழு, வேறு கொசு. அந்த மான்சோனியா கொசுவின் புழு, குளத்தில் மிதக்கும் ஆகாயத்தாமரையின் வேரில் தன் மூச்சுக்குழலைச் செருகிக்கொண்டு அங்கேயே காற்றை உறிஞ்சும். மேலே வரவே வராது. ஆகவே தண்ணீர்மேல் எண்ணெய் ஊற்றி அதைக் கொல்ல முடியாது. செடியை எடுத்தால் கொசு இல்லை. திருவிதாங்கூரில் எம்.ஓ.டி.ஐயங்கார் என்ற பூச்சியியலாளர் 1930-களிலேயே இந்த நோயையும் இந்தச் செடியையும் விரிவாக ஆராய்ந்து எழுதிவிட்டார். அறிவு அப்போதே இருந்தது. ஆனால் சேர்த்தலையில் வீட்டுக்கொரு குளம், குளத்துக்கொரு சொந்தக்காரர். செடி தென்னைக்கு உரமாகவும் போகும். எடுத்தால் சில வாரங்களில் மறுபடி மூடிவிடும். நோய் வரலாம் என்ற பயத்துக்காக மட்டும் ஒருவர் ஆயுள் முழுக்கத் தன் குளத்தைச் சுத்தம் செய்துகொண்டிருப்பாரா?

1986-இல் புதுச்சேரி மையம் அங்கே வேலையைத் தொடங்கியபோது அவர்கள் கையில் எடுத்தது மீன். குளத்தைச் சுத்தம் செய்து கட்லா, ரோகு, கெண்டை வகைகளை வளர்க்கச் சொல்லிக்கொடுத்தார்கள். புல்கெண்டை செடியையும் தின்னும். மீன் வளர்க்கிறவர் தன் குளத்தில் ஆகாயத்தாமரை படர விடமாட்டார். விட்டால் மீன் போய்விடும், காசும் போய்விடும். கொசுவை அவர் நினைக்கவே வேண்டாம். பூச்சியியலாளர் மீன்வளத்துறையோடும், வங்கிக்காரரோடும், பள்ளிப் பிள்ளைகளோடும் உட்கார்ந்து பேசிய பிறகு கிடைத்த விடை இது. என் கருத்தைக் கேட்டால், இந்த மண்ணில் நடந்த பயன்பாட்டு ஆய்வுகளிலேயே அழகானது இதுதான். மருந்து டப்பாவில் இல்லாத ஒரு மருந்தைக் குடும்ப வரவுசெலவுக்குள் வைத்தார்கள்.

7. உன் தீர்வின் அடுத்த வாசலில் யார் குடியிருக்கிறார்கள் என்று பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடு. இதைச் சொல்லிக்கொடுக்க உனக்குக் கேரளம் வரை போக வேண்டாம். நம் வீட்டிலிருந்து கிழக்கே நடந்தால் சோலை நகர். உன் பாட்டி சின்னப்பிள்ளையாக இருந்தபோது அங்கே வலை காயப்போட்டு, கட்டுமரம் ஏற்றி, பிள்ளைகள் ஓடி விளையாடியும் மிச்சமிருந்த மணல். இன்று கல். எப்படி?

நம் கரையில் தென்மேற்குக் காற்றுக் காலம் முழுக்க அலை மணலை வடக்கே நகர்த்தும். வடகிழக்குப் பருவத்தில் தெற்கே நகர்த்தும். வருடக் கணக்குப் பார்த்தால் வடக்கே போவதுதான் அதிகம், லட்சக்கணக்கான கன மீட்டர். 1980-களின் பிற்பகுதியில் அரியாங்குப்பம் ஆற்று முகத்துவாரத்தில் துறைமுகத்துக்காகக் கடலுக்குள் கல் அணைகளை நீட்டினார்கள். படகுக்கு அமைதியான தண்ணீர் வேண்டும் என்ற பிரச்சினைக்கு அது சரியான விடைதான். ஆனால் வடக்கே போகிற மணல் அணையின் தெற்குப் பக்கம் நின்றுவிட்டது. வடக்கே கடற்கரைச் சாலை, குருசுக்குப்பம், வைத்திக்குப்பம், சோலை நகர் என்று ஒவ்வொன்றாக மணலை இழந்தன. கரையைக் காக்கக் கல் கொட்டினார்கள். கல் அந்த இடத்தைக் காத்தது, அரிப்பு அடுத்த இடத்துக்கு நகர்ந்தது. நம் தெருவைத் தாண்டினால் கோட்டக்குப்பம், அது தமிழ்நாடு. அப்புறம் தந்திராயன்குப்பம், சின்னமுதலியார்சாவடி, பொம்மையார்பாளையம். அங்கேயும் கல். எல்லைக்கு இந்தப் பக்கம் ஓர் அரசு, அந்தப் பக்கம் வேறோர் அரசு, இரண்டுக்கும் தனித்தனிக் கோப்பு. கடல் ஒன்றே ஒன்று.

8. ஏழாவதிலேயே ஒரு விஷயத்தை வேண்டுமென்றே விட்டுவைத்தேன். துறைமுகத்தைத் திட்டமிட்டவர்களுக்கு மணல் நிற்கும் என்பது தெரியாமல் இல்லை. தெற்கே சேரும் மணலை எடுத்து வடக்கே போட வேண்டும் என்பதும் திட்டத்திலேயே இருந்தது. கட்டுமானம் முடிந்தது. மணல் மாற்றுவது தொடர்ந்து நடக்கவில்லை. ஐந்தாவதில் நான் கேட்கச் சொன்ன கேள்வியை இங்கேயும் கேட்டுப் பார். கட்டும் வேலைக்குத் திறப்பு விழா உண்டு, பெயர்ப் பலகை உண்டு. ஆண்டாண்டு காலம் மணலை இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் மாற்றும் வேலைக்கு ஒன்றும் கிடையாது.

பிறகு நம் ஊர்க்காரர்களே விடாமல் பேசினார்கள். பாண்டிகேன் என்ற குடிமக்கள் அமைப்பு, காணாமல் போகும் கடற்கரையைப் பற்றி ஆவணங்கள் சேர்த்து, படம் எடுத்து, கூட்டம் போட்டது. சென்னையில் உள்ள தேசியக் கடல்சார் தொழில்நுட்பக் கழகம் 2018-இல் தலைமைச் செயலகத்துக்கு எதிரே கடலுக்கு அடியில் ஆப்பு வடிவில் ஒரு பெரிய எஃகுத் திட்டை இறக்கியது. அலையின் வேகத்தை அது முன்னாலேயே உடைத்துவிடும். அதன் பின்னால் மணல் தங்கும். துறைமுகத்தில் தூர்வாரிய மணலையும் கரையில் போட்டார்கள். முப்பது வருடம் கல்லை மட்டும் பார்த்து வளர்ந்த பிள்ளைகள் காந்தி சிலைப் பக்கம் மணலில் கால் வைத்தார்கள். நானும் போய் நின்றேன், கண்ணு. சந்தோஷமாகத்தான் இருந்தது. திரும்பி வரும் வழியில் சோலை நகரில் ஒரு மீனவர் சொன்னார்: "அங்க மணல் வந்தது வாக்கிங் போறவங்களுக்கு நல்லது. எங்க படகு இன்னும் கல்லு மேலதான் ஏறுது." இந்த இரண்டு உண்மையும் ஒரே அறிக்கையில் இடம்பெற வேண்டும்.

9. ஊர்க்காரர் சொல்வதைக் கேள், ஆனால் முகஸ்துதிக்குக் கேட்காதே. இப்போதெல்லாம் "மரபறிவு" என்று சொல்லிக்கொண்டு எதைச் சொன்னாலும் தலையாட்டுவது ஒரு நாகரிகம். மீனவருக்கு வாடை, கொண்டல், சோழகம், கச்சான் என்று ஒவ்வொரு காற்றும் கரையை என்ன செய்யும் என்று தெரியும். அலைமானி வருவதற்கு முன்பே தெரியும். அதே மீனவர் மணல் போனதற்குச் சொல்லும் காரணம் தவறாகவும் இருக்கலாம். அவர் பார்த்ததை அப்படியே எழுதிக்கொள், அவர் ஊகித்ததைத் தனியே எழுதிக்கொள். பேராசிரியர் சொன்னதையும் இப்படியே இரண்டாகப் பிரி. இருவரையும் ஒரே மாதிரி சோதிப்பதுதான் இருவருக்கும் செய்யும் மரியாதை.

10. தினமும் கைபடும் பொருளைச் செய். எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1998-இல் வில்லியனூரை மையமாக வைத்து, நம் கிராமங்களில் தகவல் மையங்களைத் தொடங்கியது. இணையத்தில் அமெரிக்கக் கடற்படை வெளியிடும் அலை உயரக் கணிப்பை எடுத்து, வீராம்பட்டினத்தில் ஒலிபெருக்கியில் தமிழில் சொல்வார்கள். நாளைக்குக் கடலுக்குப் போகலாமா, வேண்டாமா? அவ்வளவுதான் செய்தி. பெரிய விஞ்ஞானமா என்று சிரித்தவர்கள் இருந்தார்கள். அப்படி ஒரு மையம் நல்லவாடு மீனவர் கிராமத்திலும் இருந்தது. 2004 டிசம்பர் 26 காலையில், சிங்கப்பூரில் இருந்த அந்த ஊர்க்காரர் ஒருவர் தொலைக்காட்சியில் சுனாமிச் செய்தி பார்த்துவிட்டு வீட்டுக்குப் போன் செய்தார். ஊரார் அந்த மையத்து ஒலிபெருக்கியில் எச்சரித்தார்கள். மூவாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் வாழ்ந்த ஊர், அலை வருவதற்கு முன் மேட்டுக்கு ஓடித் தப்பியது. சுனாமிக்காக அந்த ஒலிபெருக்கியை யாரும் கட்டவில்லை. அலை உயரமும் மீன் விலையும் கேட்க ஊர் தினமும் அதற்குக் காது கொடுத்துப் பழகியிருந்தது, அதனால் அன்று அதன் குரலையும் உடனே கேட்டது. பேரிடருக்கென்றே வாங்கிப் பூட்டி வைத்த கருவிகள் எத்தனை ஊரில் வேலை செய்யாமல் கிடந்திருக்கின்றன என்று உன் மூத்தவர்களிடம் கேட்டுப் பார்.

11. ஊருக்குச் சொல்லாமல் ஊருக்கு நல்லது செய்யப் போகாதே. 1970-களில் உலக சுகாதார நிறுவனமும் நம் மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் சேர்ந்து டெல்லியில் ஓர் ஆய்வுப் பிரிவை நடத்தின. மலட்டு ஆண் கொசுக்களை வெளியே விட்டு, கொசு இனத்தையே குறைப்பது நோக்கம். சோனிப்பட்டில் விடத் தயாரான நேரத்தில், அமெரிக்கப் பணம் வருகிறதே, இது உயிரியல் போருக்கான ஒத்திகையா என்று பத்திரிகைகள் கேட்டன. நாடாளுமன்றம் வரை போனது. 1975-இல் மூடினார்கள். கேள்வி கேட்டவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். வெளியே திறந்து பேசியிருந்தால் அந்தக் கேள்விக்குப் பதில் அப்போதே கிடைத்திருக்கும். 2022-இல் நம் புதுச்சேரி மையம், டெங்கு வைரஸ் பெருகவிடாத வோல்பாக்கியா என்ற நுண்ணுயிரைச் சுமக்கும் ஏடிஸ் கொசு வகைகளை உருவாக்கியதாக அறிவித்தது. இதுவும் வெளியே விடுவதற்கான கொசுதான். என்றாவது அது ஒரு தெருவுக்கு வரும்போது, அந்தத் தெருவின் டீக்கடையில் முதல் நாளே போய் உட்கார்ந்து பேசுகிறவளாக நீ இரு.

12. வென்றுவிட்டோம் என்று தோன்றும் நாளில் இன்னொரு தடவை அள்ளிப் பார். கொச்சியில் கியூலெக்ஸ் புழுவைக் கொல்ல ஸ்ஃபேரிகஸ் என்ற பாக்டீரியாவைத் தெளித்தார்கள். ரசாயனம் இல்லை, மீனுக்குக் கேடில்லை, எல்லோருக்கும் மகிழ்ச்சி. சில ஆண்டுகளில் அந்தப் புழுக்கள் அதற்கும் எதிர்ப்பு வளர்த்துக்கொண்டன. அது 1995-இல் கட்டுரையாக வந்தது. இயற்கையானது என்பதால் தோற்காது என்ற எண்ணம் விஞ்ஞானிகளுக்கும் உண்டு. கரண்டிக்கு அந்த எண்ணம் கிடையாது.

13. இன்னொரு துறைக்காரரிடம் கேட்கும்போது வெட்கப்படாதே. கொத்தனாரிடம் கலவை விகிதம் கேட்பாய், கணக்காளரிடம் சராசரி கேட்பாய், துப்புரவுத் தொழிலாளியிடம் எந்தச் சாக்கடை எந்த மாதம் அடைக்கும் என்று கேட்பாய். கடைசியாகச் சொன்னவருக்குத்தான் பெரும்பாலும் முழு வரைபடமும் மனப்பாடம். கட்டுரையில் நன்றி சொல்லும் இடம் வரும்போது, சொல்லிக்கொடுத்தவர் பெயரைப் போடலாமா என்று அவரையே கேட்டு, சம்மதித்தால் போடு. பெயர் வரிசைக்காகத் துறைகள் சண்டை போட்டு ஒரு நல்ல வேலை பாதியில் நின்றதைப் பார்த்திருக்கிறேன். யார் எவர் என்று சொல்ல மாட்டேன்.

14. கிளம்புகிற அன்று எழுதுகிற குறிப்பை, சேர்ந்த அன்றே எழுதத் தொடங்கு. ஒரு சாதாரண நோட்டுப் புத்தகம் போதும். எந்தக் குழாய் எங்கே திறக்கிறது, சாவி யாரிடம், அவர் ஊரில் இல்லாவிட்டால் யாரிடம். எந்தத் தெருவின் சாக்கடை ஐப்பசி மழைக்கு முன்னால் தூர்வார வேண்டும். எந்தக் கிணற்றில் மீன் விட்டிருக்கிறது, வெயில் காலத்தில் அந்தக் கிணறு வற்றுமா. எந்தச் செலவுக்கு எந்த அலுவலகத்தில் எந்த மாதம் எழுதிக் கேட்க வேண்டும், கேட்டால் எத்தனை நாளில் வரும். யார் ஒத்துழைப்பார், யாரை முதலில் பார்த்து வணக்கம் சொல்ல வேண்டும். பழுதானால் புதுச்சேரியிலேயே யார் சரிசெய்வார். ஆய்வுக் கட்டுரையை எந்த மொழியில் வேண்டுமானாலும் எழுதிக்கொள். இந்த நோட்டுப் புத்தகத்தைத் தமிழில் எழுது, கையெழுத்து புரிகிற மாதிரி எழுது. சாவியை வாங்கிக்கொள்கிறவர் உட்கார்ந்து படித்து முடிக்கும்வரை பக்கத்தில் இரு. அவர் சந்தேகம் கேட்டால், அந்தப் பக்கத்தை மறுபடி எழுதிக் கொடுத்துவிட்டுக் கிளம்பு.